அவள் தட்டை நான் பார்த்ததில்லை

எங்கள் வீட்டில் பல வருஷமாக உடம்புக்கு நல்ல சாப்பாடு சமைக்கப்பட்டு வந்தது. அதைத் தேடித் தேடி வாங்கியவன் நான். சமைத்தவள் என் மனைவி. சாப்பிட்டவன் நான் மட்டும். அவள் என்ன சாப்பிட்டாள் என்று நான் கேட்டதே இல்லை. அவள் உடம்பில் ரத்தம் வற்றிப்போன பிறகு, வெளி ஆள் ஒருவர் கேட்டுத்தான் எனக்கே அது தெரிய வந்தது. இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க. எம் பேரு மட்டும் வேண்டாம்" என்றாள்.

எனக்கு வீடு ராஜபாளையத்தில், வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ்ஸில் தினமும் போய் வருகிற தூரம்தான். நாற்பது வயது தாண்டியதும் சர்க்கரை வந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.5 சதவீதத்தைத் தொட்டாலே சர்க்கரை நோய் என்பார்கள். எனக்கு எட்டைத் தாண்டியிருந்தது. இதே நோயில் கால் விரலை இழந்தவர் என் அப்பா. அந்தக் கட்டை அவிழ்த்துக் கட்டியதை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் பயம் பிடித்துக்கொண்டது. மாத்திரையோடு சாப்பாட்டையும் மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானம் சரியானது, இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை நிறைவேற்றிய விதத்தில்தான் என் குற்றம் இருக்கிறது.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரம். மாந்தோப்பும் தென்னையும் கண்மாய்ப் பாசன நெல்லுமாகப் பச்சையாக இருக்கும். கிழக்கே போகப் போகக் கரிசல் காடு, மானாவாரி வெள்ளாமை. விருதுநகர் மாவட்டத்துக் கரிசலில் குதிரைவாலியும் கம்பும் சோளமும் இன்றும் விளைகின்றன. தெரிந்த சம்சாரிகளிடம் சொல்லிவைத்துக் களத்திலேயே வாங்கினேன். கடையில் கிடைக்கிற குதிரைவாலி அரிசி பெரும்பாலும் தவிடு போக வெள்ளை வெளேரென்று தீட்டப்பட்டது. நார்ச்சத்து தவிட்டோடு போய்விட்டால் அதற்கும் வெள்ளரிசிக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். ஆகவே தீட்டாததாகத் தேடினேன். நல்லெண்ணெய் செக்கில் ஆட்டியதாக இருக்க வேண்டும். கீரை உழவர் சந்தையில் விடியற்காலையில் வாங்கியதாக இருக்க வேண்டும். சீனி வீட்டுக்குள் வரக் கூடாது. இத்தனையும் என் சட்டங்கள்.

அதலைக்காய் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு வெளியே பலருக்கு அதன் பேரே தெரியாது. மழை விழுந்ததும் கரிசல் காட்டில் தானாக முளைக்கிற கொடி அது, யாரும் விதைப்பதில்லை. பாகற்காய் இனம், ஆனால் சுண்டுவிரல் அளவுகூட இராது. கசப்பு உண்டு, அந்தக் கசப்புக்குள் ஒரு ருசியும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பெண்கள் காடு காடாகக் குனிந்து பறித்து வந்து விற்பார்கள். சர்க்கரைக்கு நல்லது என்று இந்தப் பக்கத்தில் எல்லாரும் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். பறித்த மறுநாளே காய் வெடிக்கத் தொடங்கிவிடும் என்பதால் வாங்கிய அன்றே சமைத்தாக வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து வந்து பையை அடுப்படித் திண்டில் வைத்து, "இன்னைக்கே செஞ்சிரணும், நாளைக்கு வெடிச்சிரும்" என்று சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போய்விடுவேன். ஒரு கிலோ அதலைக்காய்க்கு ஒவ்வொன்றாக இரண்டு முனையையும் கிள்ளி எடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.

கம்பும் அப்படித்தான். தண்ணீர் தெளித்துப் பிசறி ஊறவிட்டு, குத்தி, உமி நீங்கப் புடைத்து, நொய்யையும் மாவையும் பிரித்து, கொதிக்கிற உலையில் போட்டு அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். உரலும் உலக்கையும் இல்லாத வீட்டில் அவள் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, முறத்தில் புடைத்தாள். கேழ்வரகை முளைகட்டித்தான் சாப்பிட வேண்டும் என்றேன். ஊறப்போட்டு, துணியில் கட்டி, முளைவிட்டதும் நிழலில் உலர்த்தி, மாவு மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனவளும் அவள்தான். இதெல்லாம் எனக்கு மட்டும். என் அம்மாவுக்குப் பல் இல்லை. குழைந்த அரிசிச் சோறும் இட்லியும்தான் ஆகும். பிள்ளைகள் கம்பஞ்சோற்றைப் பார்த்தால் எழுந்து ஓடும். ஆக ஒரே அடுப்படியில் தினமும் மூன்று சமையல் நடந்தது. என் சட்டங்களை நிறைவேற்ற அவள் விடிவதற்கு முன்பே எழுந்தாள்.

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. அப்போது எனக்கு ஊரில் சின்னதாக ஒரு பேர் வந்திருந்தது. சர்க்கரை இறங்கியிருந்தது, எடை குறைந்திருந்தது. கூட்டங்களில் பேசக் கூப்பிட்டார்கள். அரிசியைவிடக் கம்பில் ஏறக்குறைய பத்து மடங்கு இரும்புச்சத்து என்று பேசினேன். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் என்று பேசினேன். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் என் அப்பத்தா கம்பஞ்சோறும் புளிச்ச மோரும் சாப்பிட்டு எண்பது வயதுவரை காடு போனாள் என்று பெருமையாகச் சொன்னேன். கைதட்டினார்கள். கூட்டத்தின் கடைசி வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்த நாளும் உண்டு. நான் கம்பின் இரும்புச்சத்தைப் பற்றி மேடையில் பேசிய அந்த நேரத்தில் அவள் உடம்பில் இரும்பு இல்லை.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் மாதம் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அப்படி என் அம்மாவுக்குப் பிரஷர் பார்க்க வந்த பெண், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த என் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, இங்க வெளிச்சத்துக்கு வாங்க" என்று கூப்பிட்டு, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "ரொம்ப வெளுத்திருக்கே. படி ஏறுனா மூச்சு வாங்குதா?" என்றார். அவள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். மூச்சு வாங்குவது எனக்குத் தெரியும். வயசாகுது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும், எட்டுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை என்று மருத்துவர் விளக்கினார். பிறகு அவளிடம், "தினமும் என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "எங்க வீட்ல எல்லாம் சிறுதானியம்தான் டாக்டர். தினமும் கீரை. செக்கு எண்ணெய்தான்" என்று அடுக்கினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நேத்து காலையில என்ன சாப்பிட்டீங்க, நீங்களே சொல்லுங்க" என்று மறுபடியும் அவளிடமே கேட்டார்.

முந்தின நாள் காலையில் அவள் சாப்பிடவில்லை, டீ குடித்தாள். பதினொரு மணிக்கு இன்னொரு டீயும், விருந்தாளிக்கு வாங்கி மிஞ்சிய பால்கோவாவில் ஒரு வாயும். மூன்று மணிக்குப் பிறகு பழைய சோறும் ஊறுகாயும். ராத்திரி பிள்ளைகள் விட்ட தோசை. கீரை? "அது கொஞ்சமாத்தான் வரும் டாக்டர். அவருக்கும் அத்தைக்கும் வச்சிருவேன்." குதிரைவாலி? "அவருக்கு அளவாப் போடுறது. உப்பு பாக்க ஒரு வாய் எடுப்பேன்." மூன்று வருஷமாக மாதவிடாயில் அதிகமாக ரத்தம் போகிறது என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். அதை நான் முதன்முதலாகக் கேட்டது அந்த அறையில், இன்னொருவருக்குச் சொல்லப்பட்ட பதிலாக.

என் ஹெச்பிஏ1சி எந்த மாதத்தில் எவ்வளவு இருந்தது என்று தசமப் புள்ளியோடு நோட்டில் எழுதி வைத்திருந்தவன் நான். அவளுடைய ஹீமோகுளோபின் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்று மருத்துவர் கேட்டபோது, இரண்டாவது பிரசவத்தின்போது என்று அவளே சொன்னாள். எங்கள் இரண்டாவது பிள்ளை அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து நான் படித்தவையெல்லாம் ஏற்கெனவே என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, ஓர் ஆணுக்கு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு 29 வேண்டும். அதே புத்தகத்திலிருந்து எனக்கு வேண்டிய நார்ச்சத்துக் கணக்கை எடுத்துக்கொண்டவன், பக்கத்திலிருந்த பெண்களுக்கான கணக்கைத் தாண்டிப் போயிருக்கிறேன். கூடுதலாக இரும்பு தேவைப்பட்டவள் கம்பைப் புடைத்தாள். அவளைவிடக் குறைவாகத் தேவைப்பட்டவன் சாப்பிட்டேன். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். மேடையில் சொல்ல வேண்டிய எண் இதுதான். நான் சொன்னதில்லை.

டீயைப் பற்றி மருத்துவர் சொன்னது வேறு என்னை உறுத்தியது. சாப்பாட்டோடும் சாப்பிட்ட உடனேயும் டீ குடித்தால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் கொய்யாவும் நேர்மாறாக அந்த இரும்பு சேர உதவும். தானியத்தை முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும், இரும்பைத் தடுக்கிற பைட்டேட் குறையும். முளைகட்டச் சொன்னவன் நான்தான். ஆனால் அவள் பசிக்கு டீ குடித்தாள். சமைத்து முடித்து உட்கார நேரம் இல்லாததால் டீ. எல்லாருக்கும் போட்டு முடிப்பதற்குள் பசி செத்துப்போனதால் மறுபடியும் டீ.

பால்கோவாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பாலும் சீனியும் தவிர வேறெதுவும் இல்லாமல், விறகடுப்பில் விடாமல் கிளறி, பால் சுண்டிச் சுண்டி நிறம் மாறும்வரை நின்று செய்கிற பண்டம் அது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரே சந்தோஷப்பட்டது, நானும் பட்டேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் வாங்கிக்கொண்டு போவேன். என் பங்கை நான் தொடுவதில்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. நான் தொடாமல் விட்டது அவளுக்குக் காலைச் சாப்பாடாக ஆனது எனக்குத் தெரியாது. இனிப்பு வேண்டாம் என்று விலகுகிற ஆள் உண்மையில் எதை விட்டான்? பசிக்கிற நேரத்தில் வேறொரு சாப்பாடு தனக்காகச் சூடாகக் காத்திருக்கும் என்று தெரிந்தவன் விடுவது சுலபம்.

வேலை செய்கிற ஊர் ஆண்டாள் ஊர் என்பதால் மார்கழி முழுவதும் திருப்பாவை காதில் விழும். நெய்யும் பாலும் உண்ணாமல் தொடங்குகிற நோன்பு அது. 27-ஆம் பாசுரத்தில் நோன்பு நிறைந்து, எல்லாரும் கூடி உட்கார்ந்து நெய் விட்ட பால்சோறு உண்கிறார்கள். கூடாரவல்லி அன்று அக்காரவடிசல் செய்வது அதை வைத்துத்தான். வருஷா வருஷம் அந்தப் பிரசாதத்தை வாங்கி அவள் கையில் கொடுத்திருக்கிறேன். அவள் நோன்புக்கு அப்படியொரு 27-ஆம் நாள் வந்ததில்லை. கூடி உட்கார்ந்து சாப்பிடுவது என்றால் எங்கள் வீட்டில் நாங்கள் உட்காருவோம், அவள் பரிமாறுவாள்.

என் அப்பத்தாவையும் அதற்குப் பிறகுதான் சரியாக நினைத்துப் பார்த்தேன். எண்பது வயதுவரை காடு போனாள், உண்மை. கோழி கூவும் முன்னால் கம்பு குத்தியதும் அவள்தான். ஆண்கள் உண்டு, பிள்ளைகள் உண்டு, பண்ணையாள் உண்ட பிறகு, சட்டியின் அடியில் ஒட்டியதை வழித்துத் தண்ணீர் விட்டுக் குடிப்பாள். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேடையில் அவள் ஆரோக்கியத்தைச் சொன்னேன், சட்டியை வழித்ததைச் சொல்லவில்லை. பாரம்பரிய உணவு என்று நாம் கொண்டாடுவதில் பாதி, பெண்கள் வாங்காத கூலி. எந்தக் கூட்டத்திலும் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டவர்களும் பேசியவர்களும் பெரும்பாலும் ஆண்கள்.

இரும்பு மாத்திரையும் ஊசியும் ஆரம்பித்தோம், மகப்பேறு மருத்துவரிடமும் காட்டினோம். மாத்திரை அவளுக்கு வயிற்றைக் கட்டியது. நல்ல காய்கறியும் நார்ச்சத்தும் அவளுக்கு வேண்டிய நேரம் அது. அப்போதுதான் நான் அடுப்படிக்குள் போனேன். போகாமல் இருக்க முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குதிரைவாலி ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். கல் அரித்து, ஊறவைத்து, சின்னத் தீயில் வேகவைத்து, இறக்கியதும் கிளறி உதிர்த்துவிட வேண்டும். ஆறினால் கெட்டியாகிவிடும், அதனால் சூடாகச் சாப்பிட வேண்டும். இத்தனை வருஷம் எனக்கு அது சூடாகவே வந்தது என்பதன் பொருள், நான் உட்காரும் நேரத்துக்கு அவள் அடுப்பைக் கணக்குப் பண்ணி நின்றாள் என்பது. முருங்கைக்கீரையை உருவி ஆய்ந்து முடிக்கையில் முதுகு வலித்தது. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்களில் வீட்டுவேலையில் கை வைப்பவர்களே நான்கில் ஒருவர்தான். அவர்களும் செலவிடுவது 97 நிமிஷம். இந்த எண்ணை முதலில் படித்தபோது அது எங்கோ வடக்கே இருக்கிற வீடுகளைப் பற்றியது என்பதுபோலத் தாண்டிப் போனேன். அந்த மற்ற மூவரில் ஒருவனாக நான் இருந்தேன்.

இப்போது மூன்று சமையல் கிடையாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு 250 கிராம் தானியம், 400 கிராம் காய்கறி, 85 கிராம் பருப்பு வகை என்று ஒரு தட்டு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இந்தக் கணக்கை முன்பு எனக்கு மட்டும் போட்டேன். இப்போது வீட்டுக்கே போடுகிறோம். 400 கிராம் காய் ஆளுக்கு என்றால் நான்கு பேருக்கு எவ்வளவு என்று பார்த்ததும், கீரை ஏன் அவள் தட்டுக்கு வந்ததில்லை என்பது புரிந்தது. நான் வாங்கி வந்ததே இருவருக்குத்தான். சிறுதானியம் கொஞ்சம் குறைந்தது, காயும் பயறும் கூடின. அம்மாவுக்குக் கேழ்வரகைக் கஞ்சியாகக் காய்ச்சினால் குடிக்கிறாள். காலைச் சமையல் என் பொறுப்பு. சிலநாள் சரியாக வருவதில்லை, சிலநாள் எழுந்திருக்கவே சலிப்பாக இருக்கிறது. அந்தச் சலிப்போடு அவள் இருபது வருஷத்துக்கு மேல் எழுந்திருக்கிறாள்.

"ஏன் சொல்லலை?" என்று அவளிடம் ஒருநாள் கேட்டேன். கோபமாகக்கூடக் கேட்டேன், பழியை அவள் பக்கம் தள்ளுகிற கோபம் அது. "நீங்க கேக்கவே இல்லியே" என்றாள். கொஞ்சம் கழித்து, "உங்களுக்குச் சுகர் எறங்குனப்ப எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதக் கெடுக்க மனசு வரல" என்றும் சொன்னாள். என் உடம்பு தேறியதில் அவள் உழைப்புக்குப் பங்கு உண்டு என்பதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. சுயக்கட்டுப்பாடு என்றுதான் சொன்னேன்.

அவளுடைய ஹீமோகுளோபின் இப்போது பத்தைத் தாண்டியிருக்கிறது. ஆனாலும் அவள் முதலில் உட்கார மாட்டாள். தட்டில் கீரை வைத்தால் பாதியை எடுத்து அம்மாவுக்கு வைக்கிறாள். இதை ஒரே வருஷத்தில் மாற்றிவிட முடியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எழாமல் இருக்கிறேன். அவளுக்கு அது கூச்சமாக இருக்கிறது என்கிறாள்.

எனக்கு இப்போது பெரிய கவலை மகளைப் பற்றியது. கல்யாணமாகி மூன்று வருஷமாகிறது, கைக்குழந்தை இருக்கிறது. அம்மா எப்படிச் சாப்பிட்டாள் என்பதைப் பார்த்து வளர்ந்த பெண். அதை அவளுக்கு யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை, என் வீட்டு அடுப்படியில் தானாகப் படித்தாள். போன வாரம் போனில் பேசியபோது, முன்பெல்லாம் கேட்பதுபோல, "சாப்புட்டாச்சாம்மா?" என்று மட்டும் கேட்காமல், "இன்னைக்கு என்ன சாப்புட்ட?" என்று கேட்டேன். "இனிமேத்தான்ப்பா. எல்லாரும் சாப்புட்டாக, காலையில சுட்ட தோசை இருக்கு" என்றாள். மணி மூன்று. பால் கொடுக்கிற தாய்.

மாப்பிள்ளை நல்ல பையன். நான் பேசிய கூட்டமொன்றுக்கு வந்து, மாமா நல்லாப் பேசுனீங்க என்று பாராட்டியவர். அவர் வீட்டிலும் இப்போது குதிரைவாலி வாங்குகிறார்கள், என் பேச்சைக் கேட்டுத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன். மேடையில் சொல்லாமல் விட்டதை அவரிடம் நேரில் சொல்லப்போகிறேன், என் மகளும் உடன் இருக்கும்போது.